பழைய மோட்டார் சைக்கிளின் மூச்சு: காற்றுப் பெட்டியும் சைலன்சரும்

குருநகரில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடனீரேரிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. மற்றது, மண்ணெண்ணெய்க் காலம் எங்கள் கைகளில் விட்டுப்போன பழக்கம். உப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பழக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை இறுகியபோது குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. ஹொண்டா எம்.டி. 90 முதல் பழைய மொரிஸ் மைனர் கார் வரை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெயைத் திறப்போம். ஒவ்வொரு முறையும் காற்றுப் பெட்டியைக் கழற்றுவது கரைச்சல் என்று பில்டரையே எடுத்துவிட்டவர்கள் உண்டு. அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெய் சைலன்சருக்குள் கரியாகப் படியும். அதற்காக உள்குழாயை உருவியவர்களும் உண்டு. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லாத நாட்களில் அது கெட்டித்தனம்தான்.

ஆனால் "பில்டரைக் கழற்றினால் இழுவை கூடும், சைலன்சரைத் திறந்தால் ஓட்டம் கூடும்" என்ற பேச்சு இன்றும் நிற்கிறது. உண்மை மறுவளம். காற்றுப் பெட்டி தூசியைத் தடுப்பதற்கு மட்டும் வைத்ததல்ல. முன்னால் பெட்டி கொடுக்கும் தடையையும் பின்னால் சைலன்சர் கொடுக்கும் தடையையும் கணக்கில் எடுத்தே காபரேற்றரின் ஜெற் அளவைக் கம்பனி தீர்மானிக்கிறது. ஒன்றைத் திறந்தால் காற்று கூடி, பெற்றோல் விகிதம் குறையும். பிளக் வெளுக்கும், எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும். எங்கள் மணல் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்க்கும்.

காற்றுப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது பில்டரை அல்ல. பெட்டியையும் காபரேற்றரையும் இணைக்கும் றப்பர் குழாயைப் பாருங்கள். அதைக் கழற்றி, வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும். வெடிப்பு பில்டருக்குப் பிறகு இருப்பதால், எவ்வளவு புதிய பில்டர் போட்டாலும் தூசி உள்ளே போகும். சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது நெடுநாள் நிற்காது. பெற்றோல் பட்டால் அந்த றப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும். புதுக் குழாய் கடினமாக இருந்தால் சுடுநீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் இளகி உட்காரும்.

ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் அமத்திப் பிழிந்து, நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் எஞ்சின் ஒயில் தடவி மறுபடி பிழிந்து போடலாம். கடதாசிப் பில்டருக்கு ஒயிலும் கூடாது, தண்ணீரும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பெட்டியின் அடியில் ஒயில் தேங்கியிருந்தால் பில்டரைக் குறை சொல்லாதீர்கள். பல மொடல்களில் எஞ்சினின் மூச்சுக் குழாய் அந்தப் பெட்டிக்குள்தான் வருகிறது. ஒயிலைக் கூட ஊற்றியிருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம்.

சைலன்சரின் கதை வேறு. அது வெளியிலிருந்து துருப்பிடிப்பதாகத்தான் நினைக்கிறோம். உள்ளிருந்தும் துருப்பிடிக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குருநகரிலிருந்து பெரிய கடைக்குப் போய் வரும் சின்ன ஓட்டத்தில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கும். அடியில் கம்பனி வைத்த சின்ன ஓட்டை அந்தத் தண்ணீர் வடிவதற்குத்தான். அதைத் துருவென்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்த சைலன்சர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். சிலிண்டர் தலையில் நிற்கும் ஸ்ரட், அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு. உப்புக் காற்றில் இரண்டும் பிடித்துக்கொள்ளும். முறிந்தால் துளைத்து எடுத்து, புதிதாக மரை வெட்டவேண்டிவரும். அந்தச் செலவு சைலன்சர் விலையைத் தாண்டலாம். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். காலையில் நட்டைத் துளி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால் பலம் காட்டாமல் மறுபடி எண்ணெய் விடுங்கள். பழைய செப்பு கஸ்கற் வளையம் துவாரத்துக்குள் கரியோடு ஒட்டியிருக்கும். அதைத் தோண்டி எடுத்துவிட்டே புதியதை வைக்கவேண்டும். பூட்டும்போது எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றி, முன்பக்கத்தை மாறிமாறிச் சமமாக இறுக்கி, பின் போல்ற்றைக் கடைசியில் இறுக்குங்கள். பின்னால் முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டு, கஸ்கற் சரியாக அமராது.

அந்த மூட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். அக்சிலேற்றரை விடும்போது எரியாத பெற்றோல் குழாய்க்குள் பற்றி, "படார்" என்று வெடிக்கும். 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயத்தில் குண்டு விழுந்த ஊர் இது. நடுச்சாமத்தில் அந்தச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் இந்த ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். திறந்த சைலன்சரோடு போகும் தம்பிமாரிடம் நான் ஜெற் கணக்கைச் சொல்வதில்லை, இதைத்தான் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

காசுக் கணக்கும் உண்டு. 2022இல் கியூ.ஆர். அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அடைத்த பில்டரோடு ஓடியவருக்கு அது வாரம் முடியமுன் தீர்ந்தது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. பழையதைப் பேணுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

வேலை முடிந்ததும் சில நாள் ஓடிவிட்டு, எஞ்சின் ஆறியபின் முன்பக்க நட்டுகளை இன்னொருமுறை இறுக்குங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெளிறிய மண்ணிறம் என்றால் காற்றும் பெற்றோலும் சரி. வெள்ளை என்றால் எங்கோ காற்று களவாகப் புகுகிறது. றப்பர் குழாயிலிருந்து மறுபடி தேடவேண்டும்.