கொடும் இரத்தசோகை: வரலாறும் தன்னுடல் தாக்குநோய்களுடனான தொடர்பும்

கொடும் இரத்தசோகை (பெர்னீசியஸ் அனீமியா) என்பது, உணவில் வைட்டமின் பி12 இருந்தும் குடல் அதை உறிஞ்ச முடியாததால் உண்டாகும் நோய். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1849இல் இதை விவரித்தார். மருந்தில்லாத அக்காலத்தில் நோயாளிகள் பிழைப்பது அரிது. பெயரும் அதனால் வந்தது.

ஈரலிலிருந்து பி12 வரை

1926இல் பாஸ்டன் மருத்துவர்கள் மைனாட்டும் மர்பியும் நாள்தோறும் ஈரல் உண்ணச் செய்து நோயாளிகளைக் காப்பாற்றினர். விப்பிளுடன் சேர்ந்து 1934இல் நோபல் பரிசு பெற்றனர். பி12ஐ உறிஞ்ச, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. இந்நோயாளிகளிடம் அது இல்லை என்பதற்கு வில்லியம் காசிலின் ஆய்வுகள் வழிகாட்டின. 1948இல் பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

சென்னை மாணவரின் பங்கு

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது நல்ல மருந்தாயிற்று. கொடும் இரத்தசோகையிலோ இரத்தம் தேறியது. நரம்புச் சிதைவு தொடர்ந்தது. இரண்டும் வெவ்வேறு குறைபாடுகள் என்பது இதனால் தெளிவாயிற்று.

உடலே உடலைத் தாக்குதல்

அந்த இரைப்பைப் புரதத்தையும் அதைச் சுரக்கும் செல்களையும் உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குகிறது என்பது 1960களில் உறுதிப்பட்டது. அதனால்தான் தைராய்டு நோய்கள், வெண்புள்ளி, முதல் வகை நீரிழிவு ஆகியவை உள்ளவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த இரத்தசோகையை ஆராயும்போதே அடிசன் சிறுநீரகமேற்சுரப்பியின் சிதைவையும் கண்டார். ‘அடிசன் நோய்’ எனப்படும் அதுவும் இக்குடும்பத்தில் சேரக்கூடியது.

இன்று கவனிக்க வேண்டியது

நம் நாட்டில் பி12 குறைவுக்குப் பால், முட்டை, இறைச்சி போதாமையும் பெரிய காரணம். எனவே எல்லாக் குறைவும் இந்நோயன்று. ஆனால் கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் நின்றே வேலை செய்பவருக்குக் கால் மரத்தால், நின்ற அலுப்பு என்றே தோன்றும். சோர்வுக்கு ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் விழுங்கினால் இரத்தப் பரிசோதனை தேறிக் காட்டும். நரம்பு உள்ளுக்குள் கெடும். கால் மரத்தல், தடுமாற்றம், நாக்கு எரிச்சல் ஆகியவற்றுடன் தைராய்டு நோயோ வெண்புள்ளியோ இருந்தால், பி12 அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஊசி அல்லது உயர் அளவு மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். சிகிச்சை பெரும்பாலும் ஆயுள் முழுதும் தேவை. காலம் தாழ்த்தினால் நரம்புச் சேதம் முழுதும் மீளாமல் போகலாம்.