தண்ணீர் ஏற்றிப் போன தோணிகள்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு புன்னைக்காயல் போனோம். மனைவியின் பெரியம்மா வீடு அங்கேதான். மாப்பிள்ளையூரணியில் இருந்து ரோட்டு வழியாகவே போயிருக்கலாம். ஆனால் மச்சினன், "படகுல போலாம் மச்சான், பிள்ளைங்களும் பாக்கட்டும்" என்றான். அவனுடைய நாட்டுப்படகு பக்கத்திலேயே திரேஸ்புரத்தில் நிற்கிறது. லைஃப் ஜாக்கெட், பெரியம்மாவுக்கு அரை கிலோ மக்ரூன், இவற்றோடு இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன்களையும் தூக்கி வைத்தான். கரை கண்ணுக்குத் தெரிகிற பயணத்துக்கு நாற்பது லிட்டரா என்று சிரித்தேன். "கடல்ல தண்ணிய மட்டும் குறைச்சு எடுக்கக் கூடாது" என்றான்.

அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பழைய கடிதம் ஒன்றை ஞாபகப்படுத்தியது.

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தார். கரையோரத்துப் பரதவர்கள் அதற்குச் சில வருடங்கள் முன்பே கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். சவேரியார் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே, தன் உதவியாளர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். பக்திக் கடிதங்கள்தானே என்று நினைத்துத்தான் நானும் முதலில் படித்தேன். 1544-ஆம் வருடத்துக் கடிதங்களில் முக்கால்வாசி படகு, காற்று, தண்ணீர், யார் எங்கே ஓடி ஒளிந்திருக்கிறார்கள் என்ற விஷயங்கள்தான்.

அந்த வருடம் ஜூனில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கம் இறங்கியது. மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறித் தப்பினார்கள். அங்கே பசியிலும் தாகத்திலும் சாகிறார்கள் என்று செய்தி வர, சவேரியார் இருபது தோணிகளோடு மணப்பாட்டில் இருந்து கிளம்பினார். எதிர்க்காற்று. துடுப்பு போட்டும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் ஏறவில்லை. கடைசியில் திரும்பி வந்து, தரைவழியாகத்தான் போனார். இதை மச்சினனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியமே படவில்லை. "ஜூன்ல கச்சான் அடிக்கும், தெக்க எப்படிப் போவாக?" என்றான். நூலகத்தில் படித்துப் புரியாதது எனக்கு அந்த ஒரு கேள்வியில் புரிந்தது!

செப்டம்பரில் அடி தூத்துக்குடி மேல் விழுந்தது. போர்த்துக்கீசிய கேப்டனின் கப்பலும் வீடும் எரிந்தன. கேப்டனும் ஊர் மக்களும் எதிரே உள்ள தீவுகளுக்கு ஓடினார்கள். செய்தி கேட்டபோது சவேரியார் ஆலந்தலையில் இருந்தார். உடனே மான்சிலாசுக்கு எழுதினார்: தோணிகளில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போ. கொம்புத்துறை, புன்னைக்காயல் பட்டங்கட்டிகளுக்கும் தோணி கேட்டுத் தனியாக எழுதினார்.

ஏன் அந்த ஊர்கள்? என் ஊகம் இதுதான். புன்னைக்காயல் தாமிரபரணி கடலில் விழும் இடம். அங்கே நல்ல தண்ணீர் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே இருப்பவை தட்டையான மணல் தீவுகள். ஒரு ஊரே அங்கே போய் உட்கார்ந்தால் ரெண்டு நாள் தாங்காது. இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்ற ஏழு கடற்துறைக்காரர்களும் ஒரே சமூகம். பெண் கொடுத்து எடுத்தவர்கள். கடிதத்தில் உறவுமுறை எதுவும் இல்லை. ஆனால் தீவில் தாகத்தோடு கிடந்தவள் புன்னைக்காயல்காரன் ஒருவனின் தங்கையாக இருந்திருக்க நிறையவே வாய்ப்புண்டு. முத்துக்குளிக்கிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது விடமாட்டான் என்று இங்கே சொல்வார்கள். 1961-உடன் தூத்துக்குடி முத்துக்குளிப்பே நின்றுவிட்டது, பேச்சு மட்டும் மிச்சம்.

சொந்தக்காரர் வீட்டுக்குக் கடலில் போவதை நாம் பிக்னிக் கணக்கில் சேர்க்கிறோம். 1544-இல் தரைவழியில் படை நிற்கும்போது கடல்வழி ஒன்றுதான் திறந்திருந்தது. என் தொழில் பாஷையில் சொன்னால் அதுதான் பேக்கப் லைன். விருந்துக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்த பாதை என்பதால், ஆபத்து நேரத்தில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் போன வழியில் முயல் தீவைத் தீவு என்று சொன்னதும் பிள்ளைகள் நம்பவில்லை. துறைமுகம் வந்தபின் அது கரையோடு சேர்ந்துவிட்டது. நாலு கிலோமீட்டர் நீளமுள்ள அலைத்தடுப்புச் சுவரைச் சுற்றிப் போவதற்குள் சின்னவளுக்கு வாந்தி வந்துவிட்டது. நாற்பது லிட்டரில் பாதி அவள் முகம் கழுவவும் படகைக் கழுவவும் போனது. நான் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

புன்னைக்காயலில் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மாவிடம் இந்தக் கடிதக் கதையைச் சொன்னேன். பாதி தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஊருத் தோணிதான் தண்ணி கொண்டு போச்சாக்கும்?"

"அவங்ககிட்டதான் பெரியம்மா கேட்டு எழுதியிருக்கார்."

"தூத்துக்குடிக்காரங்க இன்னும் இருக்காங்கல்ல. அப்ப போய்ச் சேர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, காலி கேனை எடுத்துவரச் சொல்லி மச்சினனைச் சத்தம் போட்டார்.