கடன் வாங்கிய டிஎல்எல்: லினக்ஸில் விண்டோஸ் வீடியோ ஓடிய கதை

வீடியோ கோப்பு கையில் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி வேறொருவரிடம். 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸ் பயனர்களின் நிலைமை இதுதான். இணையத்தில் கிடைத்த ஏஎஸ்எஃப், டபிள்யூஎம்வி கோப்புகளை விரித்துக் காட்டும் நிரல், அதாவது கோடெக், மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம். அதன் மூலநிரல் வெளியே கிடையாது.

விண்டோஸ் மீடியா பிளேயரையே லினக்ஸில் ஓட்டினால் என்ன? அதற்கு வைன் இருந்தது. 1993-ல் தொடங்கிய இத்திட்டம் விண்டோஸ் மென்பொருட்களை லினக்ஸில் இயக்குவது. ஆனால் அதன் 1.0 பதிப்பு வந்ததே 2008-ல்தான், 15 வருடம் கழித்து! அதுவரை முழு பிளேயர் ஒழுங்காக ஓடும் என்று நம்பி உட்கார முடியாது.

சரி, பிளேயர் எதற்கு, கோடெக் மட்டும் போதுமே என்று சிலர் யோசித்தார்கள். விண்டோஸில் கோடெக் என்பது ஒரு டிஎல்எல் கோப்புதான். வைனில் இருந்து டிஎல்எல்-ஐ ஏற்றும் பகுதியை மட்டும் ஏவிஐஃபைல் என்ற திட்டம் எடுத்தாண்டது. லினக்ஸில் அதுவரை இருந்த எக்ஸ்அனிம் பிளேயரின் வளர்ச்சி 1999-ல் நின்றுபோக, 2000-ல் ஹங்கேரியின் ஆர்பாட் கெரொஃபி எம்பிளேயரைத் தொடங்கினார். ஏவிஐஃபைலின் அந்தப் பகுதி எம்பிளேயருக்கும் வந்தது.

இது நடந்த விதம் வேடிக்கையானது. டிஎல்எல் விண்டோஸிடம் நினைவகம் கேட்கும். விண்டோஸ் போல நடித்து எம்பிளேயர் கொடுக்கும். தான் விண்டோஸில் இருப்பதாகவே எண்ணி டிஎல்எல் படத்தை விரித்துத் தரும். அதை வாங்கி எம்பிளேயர் லினக்ஸ் திரையில் காட்டும்!

ஆனால் கடனுக்கு வட்டி உண்டு. டிஎல்எல்-களின் உரிமை மைக்ரோசாஃப்டிடம் இருந்ததால் பல லினக்ஸ் வழங்கல்கள் அவற்றைச் சேர்க்கவில்லை. பயனரே தனியாகத் தேடி இறக்க வேண்டும். பிழை இருந்தால் யாரும் திருத்த முடியாது. இன்டெல் வகைச் செயலி இல்லாத கணினியில் ஓடாது. 64-பிட் எம்பிளேயராலும் 32-பிட் டிஎல்எல்-ஐ ஏற்ற முடியாது.

இந்தக் கடனை அடைத்தது எஃப்எஃப்எம்பெக். 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இத்திட்டத்தில் கோடெக்குகளைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சொந்தமாக எழுதினார்கள். 2006-ல் டபிள்யூஎம்வி 9, விசி-1 என்ற பெயரில் பொதுத் தரமாக வெளியானது. அதே வருடம் எஃப்எஃப்எம்பெக்கிலும் அதற்கான நிரல் எழுதப்பட்டது. பிறகு டிஎல்எல் தேவை மெல்லக் குறைந்தது.

கடன் வாங்கித் தொடங்கிய கடை சொந்த முதலில் நின்ற கதை இது. 2001-ல் சேமித்த டபிள்யூஎம்வி கோப்பு இன்று லினக்ஸில் விஎல்சி-யில் சாதாரணமாக ஓடுகிறது. டிஆர்எம் பூட்டு போட்டு விற்கப்பட்ட கோப்புகளுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காசு கொடுத்து வாங்கியவரிடமே சாவி இல்லை!