மலையிலிருந்து இறங்கிய மனுக்கள்

கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏரி, பில்லர் ராக், குணா குகை, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று நான்கைந்து இடங்களைத் தொட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள். வரலாறு என்று கேட்டால், 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டினார்கள், 1863-இல் ஏரி வந்தது என்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். என்னைக் கேட்டால், கடந்த நாற்பது ஆண்டுக் கொடைக்கானல் வரலாற்றை மனுக்களை வைத்தே எழுதிவிடலாம். யார் யாருக்கு மனுக் கொடுத்தார்கள், யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பதுதான் அந்த வரலாறு.

முதலில் மனுவே தேவைப்படாத ஒரு காலத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று மதுரை ஜில்லாவின் கலெக்டர் சர் வேர் ஹென்றி லெவிஞ்ச். அவருக்குக் கொடைக்கானல் பிடித்திருந்தது. ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஓய்வு பெற்ற பின் அங்கேயே குடியேறினார். கலெக்டருக்கு ஓர் ஊர் பிடித்துவிட்டால் அந்த ஊருக்கு யாரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவருக்குப் பிடித்தது நடந்ததே தவிர, மலையில் ஏற்கெனவே இருந்த பளியர்களையும் மன்னவனூர், பூம்பாறைக் குடியானவர்களையும் யாரும் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். தயவில் கிடைப்பதற்கும் உரிமையில் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கலெக்டர், மந்திரி, எம்.எல்.ஏ. எல்லோரும் நம்மவர்கள் ஆனார்கள். மனு எழுதும் பாணி மட்டும் மெதுவாகத்தான் மாறியது. பழைய மனுக்கள் 'ம-ள-ள-ஸ்ரீ' என்று தொடங்கி, 'தாழ்மையுடன்' என்று குனிந்து, 'தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்' என்று முடியும். இன்று அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நேராக எழுதுகிறோம். நான் வேலை பார்த்த நாட்களில் தபால் பிரிவிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வந்த மனுவுக்கு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏறும். அவர் அதைக் கீழ் அலுவலகத்துக்கு 'தக்க நடவடிக்கைக்காக' அனுப்புவார். கீழே இருப்பவர் இன்னும் கீழே அனுப்புவார். கடைசியில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்கும். சில சமயம், யார் மேல் புகாரோ அவர் மேசைக்கே அந்த மனு விசாரணைக்குப் போய்ச் சேருவதும் உண்டு. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. காகிதம் ஓடும் வழி அப்படி.

கொடைக்கானல்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிரமம், தூரம். 1985 செப்டம்பர் 15-இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை அவர்கள் கலெக்டரைப் பார்க்க மதுரைக்கு இறங்க வேண்டும். இப்போது திண்டுக்கல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். மேல்மலைக் கிராமத்திலிருந்து வருகிறவர் முந்தின நாளே கிளம்புவார். இரண்டு நாள் கூலி போகும். இன்னொன்று, கொடைக்கானல் நகரம் பழனி சட்டமன்றத் தொகுதியில் சேர்ந்தது. தொகுதியின் பெயரே அடிவாரத்து ஊருடையது. அடிவாரத்திலும் சமவெளியிலும் ஓட்டுகள் அதிகம், மலையில் குறைவு. எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் அவர் கணக்கும் அதை ஒட்டித்தானே இருக்கும்?

அதே 1985-ஆம் ஆண்டில்தான் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு கொடைக்கானலில் உருவானது. சோலைக்காடுகள் அழிவதையும், தண்ணீர் குறைவதையும், கட்டடங்கள் பெருகுவதையும் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். இவர்களுடைய முக்கிய ஆயுதம் கடிதமும் மனுவும்தான். 1990-இல் தமிழக அரசு மலைப்பகுதிகளுக்கென்று ஒரு பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. 1993-இல் மலை நகரங்களுக்குத் தனியாகக் கட்டட விதிகள் வந்தன. உயரத்துக்கும் மாடிகளுக்கும் வரம்பு கட்டிய விதிகள் அவை. விதி வந்த பிறகுதான் சோதனையே தொடங்கியது.

ப்ளஸன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிய இடத்தில் ஏழு மாடி எழுந்தது. பாதுகாப்பு மன்றத்தினர் முறையிட்டார்கள், பிறகு நீதிமன்றம் போனார்கள். இடையில் 1994 மே மாதத்தில் அந்தக் கட்டடத்துக்கு விதிவிலக்கு அளித்து அரசாணையே வந்துவிட்டது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதோடு முடியவில்லை. அடுத்து வந்த ஆட்சியில் அது ஊழல் வழக்காகி, 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோருக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்றைக்குத் தர்மபுரி அருகே கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் மூன்று பெண் பிள்ளைகள் இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவையும் மற்றவர்களையும் விடுதலை செய்தது.

கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனது ஒரு பக்கம். விதிவிலக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை சொன்னது இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் இங்கே கவனிப்பது இரண்டாவதை. மந்திரியும் செயலாளரும் கையெழுத்துப் போட்ட ஆணைக்கு எதிராக ஒரு சிறு ஊரின் அமைப்பு ஜெயித்தது எப்படி? விதி எழுத்தில் இருந்தது. விதியை மீறியதாக இவர்கள் சொன்னதும் எழுத்தில் இருந்தது. வாய்ச்சொல்லாக மட்டும் இருந்திருந்தால் நீதிமன்றத்தில் எதை வைத்துப் பேசியிருக்க முடியும்?

அடுத்தது பாதரசம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் கம்பெனியிடம் இருந்து பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. செயின்ட் மேரிஸ் சாலையில், பாம்பார் சோலையின் விளிம்பில் ஆலை. அங்கிருந்து இறங்கும் பாம்பாறு கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்குப் போகிறது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது வெளியே தெரிந்தது. மார்ச் 7-ஆம் தேதி நானூறு பேருக்கு மேல் ஆலை வாசலுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது.

பிறகுதான் மனுக்களின் நீண்ட காலம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட ஆட்சியர், தொழிலாளர் துறை, சென்னைக் கோட்டை, டெல்லி என்று எல்லா இடத்துக்கும் போனார்கள். 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு ஏழை நாட்டில் கொட்டிய நச்சுக் கழிவு வந்த தேசத்துக்கே கப்பல் ஏறிப் போவது லேசில் நடக்கிற காரியமா? ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அரசு அலுவலகங்களை விடாமல் தட்டிய பலன் அது.

ஆனால் மனிதர்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. உடல்நலம் கெட்டது பாதரசத்தால்தான் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். அப்படி இல்லை, எங்கள் ஆய்வுகளில் அது தெரியவில்லை என்று கம்பெனி சொன்னது. 2006-இல் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பத்து ஆண்டு ஓடியது. 2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு ஒன்று இணையத்தில் வந்து உலகமெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷ மனுக்களால் ஆகாதது ஒரு பாட்டால் ஆனதே என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது, அது உண்மை. திரும்பிப் பார்த்தவர்களுக்குக் காட்டுவதற்குப் பெயர்ப் பட்டியல், வேலை பார்த்த ஆண்டு, மருத்துவச் சீட்டு, கொடுத்த மனுக்களின் நகல் என்று ஒரு கட்டு தயாராக இருந்தது. அது இல்லாவிட்டால் பாட்டு கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள். இதற்கிடையில் காத்திருந்தே இறந்துபோனவர்களும் உண்டு. அவர்கள் கணக்கை எந்த உடன்பாடும் தீர்க்காது.

எல்லா மனுவும் ஒரே பக்கம் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் இருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகும் பழைய சாலை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பிப் போக என்று சீர்செய்யப்பட்டதால் 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர். 1990-இல் மூடப்பட்டது. திறக்க வேண்டும் என்று வியாபாரிகளும் மேல்மலை மக்களும் கேட்கிறார்கள். திறந்தால் சோலைக்காடு போய்விடும் என்று இயற்கை ஆர்வலர்கள் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே மலையில் வாழ்கிறவர்கள். காய்கறி மூட்டையோடு வத்தலக்குண்டுக்கு இறங்குகிற விவசாயியின் கஷ்டமும் உண்மை, காடு போனால் தண்ணீர் போகும் என்பதும் உண்மை. 2013-இல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு மன்றத்தினர் நெடுங்காலம் வலியுறுத்தி வந்த விஷயம் அது. அரசுக்கு எழுதுகிறவர்கள் தலைமுறைக் கணக்கில் பொறுமை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசிக் கதவு நீதிமன்றம் என்றோம். கொடைக்கானலில் அது முதல் கதவாக மாறிக்கொண்டு வருவது எனக்குக் கவலை தருகிறது. 2019-இல் விதிமீறிய விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டது நீதிமன்ற உத்தரவால். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததும் நீதிமன்ற உத்தரவால். நல்லதுதான். ஆனால் ஒரு ஊருக்கு எத்தனை வண்டி தாங்கும் என்பதை நகராட்சியும் சட்டமன்றமும் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் உள்ளவர்களுக்கு மட்டும் எட்டுகிற கதவை நம்பி ஒரு மலையே இருக்க முடியாது.

ஆகவே நண்பர்களே, அலுவலக அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு மனுவில் ஒரே குறை எழுதுங்கள். சர்வே எண், தேதி, இடம் தெளிவாக இருக்கட்டும். திட்டாதீர்கள், விதியைச் சொல்லுங்கள். மனுக்களுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில் என்று அரசாணையே இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, 'என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை' என்று கேளுங்கள். முப்பது நாளில் சொல்லியாக வேண்டும். இந்த மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. அதற்கு முன் 1997-லேயே தமிழ்நாடு தனக்கென ஒன்று இயற்றியிருந்தது.

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சிபாரிசுக் கடிதம் வாங்கத்தான் போகிறார்கள். அவரால் அதைவிடப் பெரிய காரியம் ஆகும். சட்டமன்றத்தில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மந்திரி எழுந்து 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லிவிட்டால் அது அவைக் குறிப்பில் ஏறிவிடும். சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்க சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. மக்கள் மனுக்களைப் பரிசீலிக்க மனுக்கள் குழுவும் இருக்கிறது. மாவட்டங்களுக்கு வரும்போது போய்ப் பார்க்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

மனுக் கொடுத்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொடைக்கானல் கதையிலேயே நடக்காதவை நிறைய. ஆனால் நடந்தவை எல்லாவற்றுக்கும் அடியில், என்றைக்கோ யாரோ எழுதித் தேதி முத்திரை வாங்கி வைத்த ஒரு தாள் இருந்திருக்கிறது. நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். உங்கள் காலத்தில் உதவாவிட்டாலும் பிள்ளைகள் காலத்தில் உதவும்.