அருமையும் பெறுமதியும்

நேயர்களே, ஒரே பிரசுராலயத்திற் பிறந்த இரண்டு புத்தகங்களை உங்கள் முன் வைத்து இப்பேச்சைத் தொடங்க விரும்புகின்றேன்.

பிரசுராலயத்தின் பெயர் பொக்ஸ் பீச்சர் சிண்டிகேற். நியூயோர்க் நகரில் விக்ரர் பொக்ஸ் என்னும் வியாபாரி நடத்தியது. அமெரிக்கப் பிள்ளைகள் பத்துச் சதங் கொடுத்து வாங்கும் சித்திரக்கதை இதழ்களை 1939-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டது. 1950-களின் தொடக்கத்திற் கடனில் மூழ்கி மறைந்தது. அதன் பொருள்களிலே முதலாவது, 1940-களின் பிற்பகுதியில் வந்த தடித்த புத்தகம் ஒன்று. விற்காமற் திரும்பிவந்த இதழ்களை என்ன செய்வது என்று யோசித்த பொக்ஸ், நான்கு இதழ்களின் மேலட்டைகளை நீக்கி, உள்ளிருந்த தாள்களை ஒன்றாகக் கட்டி, புதிய அட்டை ஒன்றை ஒட்டி இருபத்தைந்து சதத்துக்கு விற்றார். கட்டுபவரின் கைக்கு எது அகப்பட்டதோ அதுவே உள்ளே போயிற்று. ஆகவே ஒரே அட்டையுடைய இரண்டு பிரதிகளைத் திறந்தால் உள்ளே இருப்பவை வெவ்வேறு கதைகளாக இருக்கக்கூடும். சில சேர்க்கைகளுக்கு உலகத்தில் ஒரு பிரதிக்கு மேல் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, அதே பொக்ஸ் 1948-ஆம் ஆண்டு ஏப்ரிலில் வெளியிட்ட ‘பான்ரம் லேடி’ என்னும் இதழின் 17-ஆம் இலக்கம். இதற்குப் பிரதிகள் பல உண்டு. தேடுபவருக்குப் பணமிருந்தால் அகப்படும். எனினும் நல்ல நிலையிலுள்ள ஒரு பிரதிக்குச் சேகரிப்போர் பல்லாயிரம் டொலர் கொடுப்பர். இரண்டற்றது என்று சொல்லத்தக்க முதற் புத்தகமோ அந்த விலைக்கு அருகிலும் வருவதில்லை. ஏன்?

அருமையே பெறுமதி என்பது நம்மில் வேரூன்றிய நம்பிக்கை. முத்திரை சேகரிப்போரைப் பார்த்து நாம் அப்படி நினைக்கின்றோம். 1859-இல் இலங்கை வெளியிட்ட மங்கிய ரோசா நிற நாலு பென்ஸ் முத்திரை பெரும் விலை பெறுகின்றது; 1840-இல் பிரித்தானியா வெளியிட்ட பென்னி பிளாக், 6 கோடி 80 இலட்சம் அச்சிடப்பட்டதனால், உலகின் முதல் முத்திரையாயிருந்தும் சாதாரண மனிதனின் கைக்கு எட்டுகின்றது. ஆனால் முத்திரைக்கு ஓர் அல்பம் உண்டு. இலங்கைப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. அந்த இடத்தை நிரப்ப வேண்டுமென்ற தவிப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் எவருக்கேனும் உண்டு. விக்ரர் பொக்ஸின் பக்கத்தை நிரப்பவேண்டுமென்று தவிப்பவர் மிகச் சிலரே. வெற்றிடத்தைக் கண்டு வருந்துவோர் இல்லாதவிடத்து, அருமை வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகின்றது.

‘பான்ரம் லேடி’க்கு அந்தத் தவிப்பு வந்த கதை விசித்திரமானது. அதன் அட்டையைத் தீட்டியவர் மற் பேக்கர் என்னும் கறுப்பினத்துச் சித்திரக்காரர். அத்தொழிலில் அவ்வினத்தவர் மிகக் குறைவாயிருந்த காலத்தில் முன்னணியில் நின்றவர். 1954-இல் பிரெட்றிக் வேர்தம் என்னும் மனநோய் வைத்தியர், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று வாதித்து ஒரு நூல் எழுதினார். கெடுக்கும் கதைகளுக்கு எடுத்துக்காட்டாக அவர் அச்சிட்ட படங்களுள் இந்த அட்டையும் ஒன்று. இவ்வகை இதழ்களை ஒழிக்க எழுந்த நூல், எவற்றைத் தேடவேண்டும் என்பதற்குப் பிற்காலத்தில் ஒரு பட்டியலாய் முடிந்தது. வேர்தம் குறிப்பிட்ட இதழ்கள் என்று தனியே சேர்ப்போர் இன்றும் இருக்கின்றனர். இதைக் கேட்டால் வைத்தியர் சிரித்திருப்பாரோ, சினந்திருப்பாரோ!

இவ்விதழ்கள் அரியவையானதற்குக் காரணம் எவருடைய திட்டமும் அன்று. மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டவை, படித்தவுடன் எறியப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிற் பழைய கடதாசி திரட்டும் இயக்கம் நடந்தது. பிள்ளைகளே தங்கள் இதழ்களை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்தனர். எஞ்சியவற்றை அன்னைமார் வீடு துப்புரவு செய்யும்போது கழித்தனர். நம் ஊரிலே பழைய பத்திரிகைகள் கடலைச் சுருளாகிப் போனதை நினைத்துக்கொண்டால் இதை விளங்கிக்கொள்வது எளிது.

மறைந்த பிரசுராலயங்களுள் பாசெற் என்பதன் வரலாறு சற்று விரித்துச் சொல்லத்தக்கது. 1919-இல் ‘விஸ் பாங்’ என்ற நகைச்சுவை இதழுடன் மினசோற்றா மாநிலத்தில் எழுந்த குடும்ப வியாபாரம் அது. சுப்பர்மான் பெற்ற வெற்றியைக் கண்டு, தாமும் ஒரு வீரனைப் படைக்க எண்ணினர். பில் பாக்கர் எழுத, சி. சி. பெக் வரைய, மந்திரச் சொல் ஒன்றைக் கூறி மகாவீரனாகும் ஒரு சிறுவனின் கதை பிறந்தது. இதழின் பெயரைத் தமக்கு உரிமையாக்கிக்கொள்வதற்காக, 1940 சனவரி எனத் தேதியிட்டுச் சில பிரதிகள் மாத்திரம் கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டன. இவ்வகைப் பிரதியைச் சாம்பற்கூடைப் பதிப்பு என்பர். விற்பனைக்கல்ல, குப்பைக்கே உரியது என்பது பொருள். ‘பிளாஷ் கொமிக்ஸ்’ என்று ஒன்று, ‘திறில் கொமிக்ஸ்’ என்று ஒன்று. இரண்டு பெயரும் நிலைக்கவில்லை. முடிவில் ‘விஸ் கொமிக்ஸ்’ என்ற பெயருடன் 1940 பெப்ரவரியில் கடைக்கு வந்த முதலிதழின் இலக்கம் 2. அப்பெயரில் முதலாம் இலக்கம் கடைக்கு வரவேயில்லை.

அவ்வீரனே கப்டன் மார்வெல். 1940-களின் நடுவில் அவனுடைய இதழ் ஒன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேலான பிரதிகள் விற்றன. சுப்பர்மானை உடைய நாசனல் நிறுவனம், இது தம் வீரனின் நகல் என்று 1941-இல் வழக்குத் தொடுத்தது. 1948-இல் விசாரணை நடந்தது. 1951-இல் மேன்முறையீட்டில் நீதிபதி லேனட் ஹாண்ட் முன்னிருந்த நீதிமன்றம் பாசெற்றுக்கு எதிராகத் திரும்பியது. விற்பனையும் அதற்குள் வீழ்ந்திருந்தது. 1953-இல் 4 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு, பாசெற் சித்திரக்கதைகளைக் கைவிட்டது.

இதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கப்டன் மார்வெலுக்குப் புதிய கதை எதுவும் அமெரிக்காவில் அச்சேறவில்லை. வேறெந்த வீரனும் அத்தகைய இடைவெளியில் மறக்கப்பட்டிருப்பான். இவனோ மறக்கப்படவில்லை. அன்று பத்துச் சதங் கொடுத்த சிறுவர்கள் வளர்ந்து, வேலை பார்த்து, மணஞ்செய்து, பின்னர் தாம் இழந்ததைத் தேடத் தொடங்கினர். றிச்சார்ட் லூப்பொஃப்பும் அவர் மனைவியும் 1960-இல் ரோனியோ செய்து வெளியிட்ட ‘சீரோ’ என்னும் சிற்றிதழின் முதல் இதழிலேயே கப்டன் மார்வெலைப் பற்றிய கட்டுரை வந்தது. விலைப்பட்டியலும் ஏலமும் தோன்றுமுன்னரே பெறுமதி அங்கே பிறந்துவிட்டது என்பேன். 1972-இல் அவ்வீரனை மீண்டும் வெளியிட உரிமம் பெற்றது எது தெரியுமா? அவனை அழிக்க வழக்காடிய அதே நாசனல் நிறுவனம். ஆனால் 1967-இல் அப்பெயரை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டுவிட்டமையால், மந்திரச் சொல்லாகிய ‘சசாம்’ என்பதையே இதழின் பெயராக வைக்கவேண்டியதாயிற்று. இன்று சாம்பற்கூடைப் பிரதியை மக்கள் பொன்னாகப் போற்றுவது, அது அரியது என்பதனால் மட்டுமன்று. அந்தச் சிறுவர்கள் வேறொரு வீரனை விரும்பியிருந்தால், அது பெயருக்கேற்பக் குப்பையாகவே கிடந்திருக்கும்.

ஈ. சி. என்னும் பிரசுராலயத்தின் கதை மறுபுறம் காட்டுவது. வில்லியம் கெயின்ஸ் 1950 முதல் வெளியிட்ட திகிற்கதைகள் 1954-இல் அமெரிக்க மூதவைக் குழுவின் விசாரணைக்கு உள்ளாயின. அவ்வாண்டே பிரசுரகர்த்தர்கள் தமக்குள் ஏற்படுத்திய கட்டுப்பாட்டு விதிகள் அவற்றின் வழியை அடைத்தன; 1956-ஆம் ஆண்டுக்குள் நகைச்சுவை இதழாகிய ‘மாட்’ ஒன்றைத் தவிர யாவும் நின்றன. கெயின்ஸ் ஒரு காரியஞ் செய்திருந்தார்: ஒவ்வொரு இதழிலும் ஒரு டசின் அளவு புதுப்பிரதிகளைக் கட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார். பிற்காலத்தில் அவை சந்தைக்கு வந்தபோது, அருமை குறைந்ததே, விலை சரியவேண்டுமன்றோ? சரியவில்லை, கெயின்ஸின் பிரதி என்பதே தனிச் சிறப்பாயிற்று. 1977-இல் கொலராடோவில் எட்கர் சேர்ச் என்பவருடைய வீட்டிலிருந்து 18,000-க்கு மேற்பட்ட பழைய இதழ்கள், அன்று வாங்கியவை போன்ற பொலிவுடன் வெளிப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. அவற்றுட் பல இன்று, அந்தந்த இதழுக்குக் கிடைத்துள்ள பிரதிகளுள் ஆகச் சிறந்தவை என்று மதிக்கப்படுகின்றன.

இனி, மிகத் தெளிவான சான்று ஒன்று. 1939-இல் லொயிட் ஜக்கே என்பவர், படமாளிகைகளிற் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கென்று ‘மோஷன் பிக்சர் பனிஸ் வீக்லி’ என்னும் இதழைத் தயாரித்தார். பில் எவரெற் வரைந்த நீர்வாழ் வீரன் நேமோர் அதற்கென எட்டுப் பக்கங்களில் உருவானான். முயற்சி பலிக்கவில்லை. அதே கதை விரிவாக்கப்பட்டு, 1939 ஒக்டோபர் எனத் தேதியிட்ட ‘மார்வெல் கொமிக்ஸ்’ முதலாம் இலக்கத்தில் வந்தது. ஜக்கே காலமானபின், 1974-இல் அவருடைய உடைமைகளிடையே அந்தப் பழைய இதழின் பிரதிகள் சில கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அறியப்பட்டவை பத்துக்கும் குறைவு. மார்வெல் முதலிதழுக்கோ பிரதிகள் அதனிலும் எத்தனையோ மடங்கு. ஆனால் அம்முதலிதழின் பிரதி ஒன்று 2022 மார்ச்சில் 24 இலட்சம் டொலருக்கு விற்றது. இலவச இதழின் விலை அதன் அருகிலும் சென்றதில்லை. இலவச இதழுக்கு ஓரளவு விலையாவது இருப்பதும், மார்வெல் என்னும் நிறுவனம் இன்றும் உயிரோடிருந்து நேமோரைப் பேசவைப்பதனாலேயே. இறந்த பிரசுராலயத்தின் தாளுக்கு, உயிருள்ள பிரசுராலயம் விலை கொடுக்கின்றது.

மறைந்துபோதல் மட்டும் போதாது என்பதற்கு மார்ட்டின் குட்மன் சாட்சி. மார்வெலை நிறுவிய அவரே, அதை விற்றபின் 1974-இல் சீபோட் என்ற புதிய பிரசுராலயத்தைத் தொடங்கினார். 1975 முடியுமுன் அது மூடிற்று; அதன் வண்ண இதழ்களில் எதுவும் நாலாம் இலக்கத்தைத் தாண்டவில்லை. குறுகிய வாழ்வு, முழுத் தொகுதியும் சிறு பெட்டிக்குள் அடங்கும். இருந்தும் அவற்றுட் பெரும்பாலானவற்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். அந்த வீரர்களோடு வளர்வதற்கு எந்தப் பிள்ளைக்கும் அவகாசம் இருக்கவில்லை.

விலைமதிப்புக் கைந்நூல்கள் 1970-இல் றொபேட் ஓவர்ஸ்றீற் தொடங்கிய காலத்திலிருந்து வருகின்றன. அருமையை எண்ணால் அளக்கும் முயற்சி 1989-இல் ஏர்ணஸ்ற் கேர்பர் வெளியிடத் தொடங்கிய படநூலில் நிகழ்ந்தது. ஒன்று முதல் பத்து வரை அருமைக்குப் புள்ளி இட்டார். அந்நூலிற் பெரும் புள்ளி பெற்ற இதழ்கள் எல்லாம் விலைப்பட்டியலின் உச்சியில் இல்லை. எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. விலையுள்ளதை மக்கள் காப்பர். விலையற்றதைக் காப்பார் யார்? காதற்கதைகள், விலங்குக் கதைகள், பெயர் மறந்த பிரசுராலயங்களின் துப்பறியுங் கதைகள் ஆகியவற்றின் தாள் தன் அமிலத்தாற் பழுப்பேறி நொறுங்குகின்றது. அக்காலத்துச் சாதாரணப் பிள்ளை எதைப் படித்தது என்று அறிய விரும்பும் சரித்திர மாணவனுக்கு, மில்லியன் டொலர் இதழிலும் பார்க்க இவையே அதிகம் பேசும்.

இங்கே சட்டம் எதிர்பாராத உதவி ஒன்று செய்தது. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டிற் பதிப்புரிமையைப் புதுப்பித்தல் வேண்டும். இறந்துபோன பிரசுராலயங்களிற் பலவற்றுக்குப் புதுப்பிக்க ஆளில்லை. ஆதலின் அவற்றின் கதைகள் பொதுச் சொத்தாயின. ஆர்வலர்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்துள்ளனர். விலையுயர்ந்த பிரதிகளோ தரமிடப்பட்டு, திறக்கமுடியாத பிளாஸ்ரிக் உறைக்குள் அடைக்கப்படுகின்றன. அவற்றின் அட்டையைத்தான் பார்க்கலாம்.

பொக்ஸின் அந்தத் தடித்த புத்தகத்துக்கு இம்முறை சற்றும் பொருந்தாது. அதன் அட்டை உள்ளிருப்பதைச் சொல்வதில்லை. எந்த நான்கு இதழ்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அறிய, கிடைக்கும் ஒவ்வொரு பிரதியையும் எவரேனும் ஒருவர் கையில் எடுத்து, உடைந்துபோகும் தாளைப் புரட்டி, முதற்பக்கங்களை ஒப்பிட்டு எழுதிவைத்தல் வேண்டும்.