கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு

டி. என். கோதவர்மன் திருமுல்பாடு எதிர் இந்திய ஒன்றியம் என்பது இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1995 ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட காடு தொடர்பான பொதுநல வழக்கு ஆகும் (நீதிப்பேராணை மனு எண் 202/1995). இந்தியாவில் காட்டு மேலாண்மையை நீதிமன்றம் நேரடியாகக் கண்காணிக்கத் தொடங்கியது இவ்வழக்கின் மூலமே ஆகும்.

பின்னணி

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியின் ஜென்ம நிலங்கள் நிலம்பூர் கோவிலகத்திற்கு உரியனவாக இருந்தன. 1969 ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நிலச் சட்டம் இவ்வுரிமையை ஒழித்தது. பின்னர் அங்கு மரங்கள் பெருமளவில் வெட்டப்படுவதைக் கண்ட கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்குத் தொடுத்தார்.

1996 ஆணை

1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே. எஸ். வர்மா, பி. என். கிர்பால் ஆகியோர் இடைக்கால ஆணை பிறப்பித்தனர். அதன் முக்கியக் கூறுகள்:

* "காடு" என்பது அகராதிப் பொருளிலேயே கொள்ளப்படும். அரசு ஆவணங்களில் காடு எனப் பதிவான நிலமும், உரிமையாளர் யாராயினும், வனப் பாதுகாப்புச் சட்டம், 1980 இன் கீழ் வரும்.
* நடுவண் அரசின் முன் அனுமதியின்றிக் காட்டில் சுரங்கம், மர அறுவை ஆலை போன்றவை நடத்தக் கூடாது.
* வடகிழக்கு மாநிலங்கள் ஏழிலிருந்தும் பிற மாநிலங்களுக்கு மரம் கொண்டு செல்லத் தடை (அரசுத் தேவைகளுக்கு விலக்கு உண்டு).
* தமிழ்நாட்டின் காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை. தேயிலை, காப்பித் தோட்டங்களில் நட்டு வளர்த்த நிழல் மரங்களை மட்டும் மேற்பார்வையுடன் வெட்டலாம்.

விளைவுகள்

இறுதித் தீர்ப்புடன் முடியாமல், வழக்கு தொடர் ஆணைகள் வழியே நீண்டது. 2002 இல் நடுவண் அதிகாரக் குழு அமைக்கப்பட்டது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவோர் அதன் நிகர தற்போதைய மதிப்பைச் செலுத்தும் முறையும் நடைமுறைக்கு வந்தது. அந்நிதியைக் கையாள 2016 இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது.

விமர்சனங்கள்

நிருவாகத் துறையின் பணியை நீதிமன்றம் மேற்கொண்டது என்பது ஒரு விமர்சனம். காட்டில் வாழும் பழங்குடியினரின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது மற்றொன்று. 2002 இல், இவ்வழக்கின் ஆணைகளைச் சுட்டி, ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு நடுவண் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. இதனால் பழங்குடியினரும் வெளியேற்றப்பட்டனர். இதற்கு எழுந்த எதிர்ப்பு, வன உரிமைச் சட்டம், 2006 உருவானதற்கு ஒரு காரணமாகும்.

பிற்கால நிலை

கோதவர்மன் 2016 இல் காலமானார். 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1980 சட்டத்தின் எல்லையைக் குறுக்கியது. இதனை எதிர்த்த வழக்கில், மாநிலங்கள் 1996 ஆணையின் வரையறையையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என 2024 பெப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது.