ஈயக் குண்டும் வாக்கு இயந்திரமும்

திருச்சியிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித் துறையூர் சாலையில் போனால் மண்ணச்சநல்லூர் வரும். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஏதாவது ஓர் அரிசிக் கடையில் உள்ள எலெக்ட்ரானிக் தராசை உற்றுப் பார்த்தால், ஒரு மெல்லிய கம்பியும் அதன் முனையில் நசுக்கிய ஈயக் குண்டும் தெரியும். தொழிலாளர் துறை ஆய்வாளர் தராசைச் சரிபார்த்துவிட்டுப் போட்ட முத்திரை அது.

அந்த ஈயக் குண்டால் யாரையும் தடுக்க முடியாது. ஒரு கத்தரி இருந்தால் போதும், வெட்டிவிடலாம். ஆனால் வெட்டியது தெரிந்துவிடும்! அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கருவிக்குள் யாராவது கை வைத்தார்களா இல்லையா என்பதை, கருவியைத் திறக்காமலேயே வெளியில் நிற்பவருக்குச் சொல்வது.

தராசில் ஏமாற்றினால் அரிசி குறையும். அதே ஏமாற்று ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடந்தால்? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியா கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அந்தக் கேள்வியின் வரலாற்றில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

விரித்த ஐந்து விரல்கள்

வாக்குப் பெட்டியில் கை வைப்பார்கள் என்ற பயம் எலெக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு தோன்றியதல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அவை விவரமாகச் சொல்கின்றன.

தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். சபையினர் அனைவரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் விரல்களை விரிக்க வேண்டும்? விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! படித்த ஓலையை அங்கிருக்கும் மற்றவர்களும் படிக்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்த விதிகள் அனைத்தும் ஒரே கருத்தில் நிற்கின்றன. மத்தியஸ்தர் நல்லவர் என்று நம்பச் சொல்லவில்லை. அவர் நல்லவராக இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பெங்களூருக்கு

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52 ல் இரும்புப் பெட்டிகளோடு நடந்தது. பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல, சில மாநிலங்களில் ஆட்கள் வாக்குச்சாவடிக்குள் புகுந்து சீட்டுக்கட்டுகளைப் பறித்து, முத்திரை குத்தி, பெட்டியில் திணிக்கும் வழக்கம் தலைதூக்கியது. அரை மணி நேரம் கிடைத்தால் ஒரு சாவடியையே முடித்துவிடலாம்.

1977 ல் தேர்தல் ஆணையம் மின்னணு இயந்திரம் பற்றி யோசித்தது. ஹைதராபாத்தில் உள்ள இ.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் 1979 ல் ஒரு மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அது அரசியல் கட்சிகளுக்குக் காட்டப்பட்டது. பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இந்த வேலையில் இறங்கியது.

அந்த நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் எஸ்.ரங்கராஜன். தமிழ் வாசகர்களுக்கு எழுத்தாளர் சுஜாதா! 1935 ல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்தவர். வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர்களில் அவர் முக்கியமானவர். அதற்காக வாஸ்விக் விருதும் பெற்றார். 2008 ல் மறைந்தார்.

அந்த இயந்திரத்தின் சிறப்பு அது செய்வதில் மட்டுமல்ல, செய்யாமல் இருப்பதிலும் உண்டு. இன்டர்நெட் இணைப்பு கிடையாது. ஒரு நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் பதியாதபடி அமைத்தார்கள். அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தி வாக்குப்பதிவை மூடிவிட்டால் அதன்பின் யாராலும் வாக்குப் போட முடியாது. சாவடியைப் பிடித்தவன் அரை மணி நேரத்தில் 150 வாக்குகளுக்கு மேல் போட முடியாது. அதற்குள் அதிகாரி மூடிவிட்டால் அதுவும் இல்லை.

பரவூரில் விழுந்த முதல் அடி

1982 மே 19 அன்று கேரளாவின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 84 வாக்குச்சாவடிகளில் 50 ல் இயந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டது. இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, காங்கிரஸின் ஏ.சி.ஜோஸைவிட 123 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். ஜோஸ் வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லி அந்த 50 சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடத்த உத்தரவிட்டது. இம்முறை ஜோஸ் வென்றார்.

அந்தத் தீர்ப்பு இயந்திரம் பொய் சொன்னது என்று சொல்லவில்லை. ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னது. எனவே சட்டம் திருத்தப்பட்டது. 1989 மார்ச் 15 முதல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்ற பிரிவு வந்தது. சாவடியைக் கைப்பற்றுவதைக் குற்றமாக்கும் 135ஏ பிரிவும் அதே திருத்தத்தில்தான் வந்தது. நோயும் மருந்தும் ஒரே தாளில்!

1998 ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் வந்தது. 2001 மே மாதம் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. அதற்கு முன் அ.தி.மு.க. இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இது சாதாரண கம்ப்யூட்டர் போன்றதல்ல, வைரஸ் புகுத்தும் பேச்சுக்கே இடமில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. தேர்தலில் அதே அ.தி.மு.க. பெரும் வெற்றி பெற்றது. அதன்பின் அந்தக் கட்சி அந்த வழக்கை நினைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. தோற்றவர் சந்தேகப்படுவதும் வென்றவர் மறந்துவிடுவதும் இந்த இயந்திரத்தின் வரலாறு நெடுகிலும் வருவதுதான். 2004 ல் 543 மக்களவைத் தொகுதிகளிலும் இயந்திரமே.

பெட்டியைத் திறந்தவர்கள்

இயந்திரத்தின் புரோகிராம் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிப்பில் இருக்கிறது. மாற்றி எழுத முடியாது, வெளியிலிருந்து படிக்கவும் முடியாது. இது பெரிய பாதுகாப்பு என்று ஆணையம் சொன்னது. ஆனால் இதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. படிக்கவே முடியாது என்றால், உள்ளே இருப்பது சரியான புரோகிராம்தானா என்று சரிபார்ப்பது எப்படி?

2010 ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோரின் குழு, கைக்குக் கிடைத்த ஓர் உண்மையான இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்தது. அவர்கள் சிப்பைத் தொடவே இல்லை. எண்ணிக்கையைக் காட்டும் டிஸ்பிளே பலகையைக் கழற்றிவிட்டு, பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும் வேறு பலகையைப் பொருத்தினார்கள். சிப் சரியான எண்ணைச் சொல்லும், பலகை வேறு எண்ணைக் காட்டும். மொபைல் போனிலிருந்து ப்ளூடூத் வழியே யார் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். இன்னொரு சிறிய கருவியை வாக்குகள் சேமிக்கப்படும் மெமரி மீது கிளிப் போலக் கவ்வ வைத்து வாக்குகளையே மாற்றிக் காட்டினார்கள்.

இயந்திரம் கைக்குக் கிடைத்த வழி சட்டவிரோதம் என்ற புகாரில் ஹரி பிரசாத் 2010 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டுப் பின் ஜாமீனில் வந்தார். ஆணையத்தின் வாதம் வேறு: பாகத்தை மாற்றிய பிறகு அது ஆணையத்தின் இயந்திரமே அல்ல. நிர்வாகக் காவலைத் தாண்டி அதைத் தொட யாராலும் முடியாது. 2017 ஜூன் 3 அன்று ஆணையம் நடத்திய சவாலிலும் உள்பாகத்தை மாற்ற அனுமதி இல்லை.

இங்கேதான் அரிசிக் கடைத் தராசை மறுபடி நினைக்க வேண்டும். கள்ளத் தராசு அரசு முத்திரையிட்ட தராசு அல்ல என்பது உண்மைதான். ஆனால் வாங்க வந்தவருக்கு அது கள்ளத் தராசு என்று எப்படித் தெரியும்? அதுவே கேள்வி.

மூன்று அடுக்குப் பதில்

இந்தக் கேள்விக்கு இதுவரை மூன்று விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள்.

முதலாவது முத்திரை. நாசிக்கில் உள்ள அரசு அச்சகத்தில் அச்சிட்ட, வரிசை எண் உள்ள காகித முத்திரைகளில் வேட்பாளர்களின் ஏஜென்டுகள் கையெழுத்திடுகிறார்கள். வாக்குப்பதிவு தொடங்கும் முன் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுக் காட்டப்படுகின்றன. பதிவான வாக்குகளின் எண்ணிக்கை 17சி படிவத்தில் எழுதி ஏஜென்டுகளுக்குத் தரப்படுகிறது. எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது. உத்திரமேரூர்க் குடத்தின் பேரப்பிள்ளைகள் இவை.

இரண்டாவது, இயந்திரமே தன்னைக் காத்துக்கொள்வது. 2013 முதல் வந்த எம்3 வகை இயந்திரங்களில் கட்டுப்பாட்டுக் கருவியும் வாக்களிக்கும் கருவியும் ஒன்றையொன்று டிஜிட்டல் சான்று மூலம் அடையாளம் கண்டால்தான் வேலை நடக்கும். திறக்க முயன்றால் செயலிழந்துவிடும் என்கிறது ஆணையம்.

மூன்றாவது காகிதம். வி.வி.பேட் எனப்படும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் பயன்பட்டது. வாக்காளர் தேர்ந்தெடுத்த சின்னம் ஏழு விநாடி தெரிந்துவிட்டுச் சீட்டு பெட்டிக்குள் விழும். அடுத்த மாதமே சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் காகிதத் தடம் அவசியம் என்றது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வந்தது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்றும் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கணக்குப் பதிவியல் படிக்கும் மாணவருக்கு இது புதிதல்ல. ரொக்கப் புத்தகத்தைச் சரிபார்க்க அதே ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. வவுச்சர் வேண்டும், அதுவும் புத்தகம் எழுதியவர் கைக்கு எட்டாத வவுச்சர். எம்3 இயந்திரம் தன்னை யாரும் தொடவில்லை என்று சொல்வது காசாளர் தன் கணக்கு சரி என்று சொல்வது போல. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாட்சி வேறு ஒருவராக இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் இதைத்தான் சொன்னது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று கூறி, 2005 தேர்தலில் பயன்பட்ட வாக்குக் கம்ப்யூட்டர்கள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. நெதர்லாந்தும் காகிதத்துக்கே திரும்பியது. இந்தியா இயந்திரத்தை வைத்துக்கொண்டு காகிதத்தையும் சேர்த்துக்கொண்டது.

திறந்து பார்க்கும் உரிமை

2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் இன்னோர் அடி எடுத்து வைத்தது. பழைய வாக்குச்சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா ஏற்கவில்லை. எல்லாச் சீட்டையும் எண்ணவும் உத்தரவிடவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோகன்ட்ரோலரைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். செலவு கேட்டவருடையது. கை வைத்தது நிரூபணமானால் பணம் திரும்பக் கிடைக்கும். 2024 தேர்தலுக்குப் பின் தமிழ்நாட்டில் வேலூர், விருதுநகர் தொகுதிகளிலிருந்து இப்படி விண்ணப்பங்கள் போயின.

ஆனால் சரிபார்ப்பது எப்படி என்பதிலும் ஒரு வழக்கு வந்தது. இயந்திரத்தில் இருந்த தகவலை அழித்துவிட்டு மாதிரி வாக்குகளைப் போட்டுப் பார்ப்பது என்ற முறைக்கு எதிர்ப்பு எழுந்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சரிபார்க்கும்போது தகவலை அழிக்கவோ மறுபடி ஏற்றவோ வேண்டாம் என்றது. கணக்குப் புத்தகத்தை எரித்துவிட்டுத் தணிக்கை செய்ய முடியாது அல்லவா!

இந்திய வாக்கு இயந்திரத்தில் கை வைத்துத் தேர்தல் முடிவை மாற்றினார்கள் என்று இதுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆனதில்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நிரூபணம் ஆகவில்லை என்பது நிம்மதி தர வேண்டுமானால், நடந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற உறுதி முதலில் வேண்டும். ஒப்புகைச் சீட்டும் 5 சதவீதச் சரிபார்ப்பும் அந்த உறுதியை நோக்கி எடுத்த அடிகள். அவை முதலிலேயே வந்திருந்தால் பல சந்தேகங்கள் வளர்ந்தே இருக்காது.

மண்ணச்சநல்லூரில் அரிசி வாங்குபவர் தராசின் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. அறுபடாத கம்பியும் ஈயக் குண்டும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். வாக்காளர் கேட்பதும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.